தம்பியின் மீசை

"நம்மட மையவாடியில இராவணனுக்கு என்ன வேல?" என்று பள்ளிவாசல் கூட்டத்தில் எழுந்து கேட்டவர் என் மாமா. உம்மாவின் ஒரே காக்கா, கூடப்பிறந்த அண்ணன். கேட்டுவிட்டு, இதற்கு யாரிடம் பதில் இருக்கிறது பார்ப்போம் என்று சபையைச் சுற்றிப் பார்த்தாராம். யாரிடமும் இல்லை. என்னிடம் இருந்தது. ஆனால் எனக்கு அப்போது எட்டு வயது, போதாததற்குப் பெண்பிள்ளை. என்னை எவர் கூட்டத்துக்குக் கூப்பிடப் போகிறார்?

அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மாமா மௌத்தாகிப் பல வருஷமாகிவிட்டது. மௌத்தானவர்களைப் பற்றி நல்லதைத்தான் கதைக்க வேண்டும் என்பார்கள். நல்லதைக் கதைக்க ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மிச்சத்தை நான் கதைக்கிறேன்.

மாமா இராவணன் என்று சொன்னது ஒரு புல்லை. கல்முனைக் கரையில் பிறந்த எவருக்கும் இராவணன் மீசையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு தடவையாவது காலில் வாங்கியிருப்பார்கள். வேறெதுவும் முளைக்க மறுக்கிற வெறும் மணலில், உப்புக் காற்றில், யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் அது பற்றை பற்றையாக வளரும். காற்று கொண்டுவரும் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணல் ஏற ஏறத் தானும் ஏறும். அப்படியே வருஷக்கணக்கில் ஏறி, கவிழ்த்து வைத்த கடகம் போல ஒரு மேடாகி நிற்கும். இலை ஒவ்வொன்றும் விறைத்த ஊசி. காய்க்கிற காலத்தில் தலையளவு முள்ளுருண்டைகள் வரும். அவை காய்ந்து கழன்றதும் காற்று உருட்டிக்கொண்டு போகும். யாருடைய உருண்டை முந்துகிறது என்று பந்தயம் கட்டி நாங்கள் பின்னால் ஓடுவோம். வலை காயப்போட்டிருந்த மீன்காரர்களிடம் வாங்காத ஏச்சில்லை.

எங்கள் ஊரில் மௌத்தானவர்களை அடக்குகிற மையவாடி கடலுக்குப் பக்கத்து மணலில் இருந்தது. கபுறுகளுக்கு நடுவிலும் இராவணன் மீசை நின்றது. யாரும் நடவில்லை. அது பாட்டுக்கு வந்தது, மணலைப் பிடித்துக்கொண்டு அது பாட்டுக்கு இருந்தது.

மாமாவுக்குக் கல்முனையில் புடவைக்கடை. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு மரைக்கார் இருப்பார். அந்த வருஷம் எங்கள் குடிக்கு மாமா மரைக்கார் ஆனார். அதன் பிறகு அவர் நடக்கிற நடையே வேறு. ஊரில் பெரிய மனிதர் ஒருவர் மௌத்தானபோது, சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கத்தைத் தானே தூக்க வேண்டும் என்று முந்திக்கொண்டு போய்த் தோள் கொடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மையவாடிக்குள் காலை வைத்தாரோ இல்லையோ, இராவணன் மீசை குதிக்காலில் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. மாமா துள்ளினார், சந்தூக்கு ஆடியது, பின்னால் வந்த எவனோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினானாம்.

கால் வீங்கி, கடைக்குப் போக ஏலாமல் மாமா கட்டிலில் கிடந்தார். குத்தியது புல். ஆனால் "எனக்குக் காலில் குத்திவிட்டது, ஆகவே வெட்ட வேண்டும்" என்று ஒரு மரைக்கார் எழுந்து சொல்ல முடியுமா? அதனால் புல்லின் பெயரைப் பிடித்துக்கொண்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். "ஒங்கட காக்காக்கு மீச ஒழுங்கா மொளைக்காத கோவம் அது" என்று வாப்பா உம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அவ்வளவுதான் வாப்பா செய்தது. மனைவியின் வீட்டில் இருக்கிற மாப்பிள்ளை, மனைவியின் காக்காவோடு வேறென்ன செய்வார்?

உம்மா சிரிக்கவில்லை. காரணம் இருந்தது.

அதற்கு முந்தின வருஷம்தான் சூறாவளி அடித்தது. கூரைகள் போயின, தென்னைகள் போயின, கிணறுகள் கெட்டன. அதைத் தொடர்ந்து வந்த வயிற்றோட்டத்தில் சின்னப் பிள்ளைகள் மௌத்தானார்கள். எங்கள் தெருவில் எதிர்வீட்டு மாமியின் மகன் போனான். பிறகு என் தம்பி போனான். தவழ்கிற வயது அவனுக்கு. மாமி என்பது வாய்க்கு வந்த முறைதான், சொந்தமில்லை. ஆனாலும் அந்த நாட்களில் அவரும் உம்மாவும் ஒரே பாயில் இருந்து அழுதார்கள்.

தம்பியை வாப்பா கையிலேயே ஏந்திக்கொண்டு போனார். நான் பின்னால் ஓடினேன். போகாதே என்று தடுக்க அன்றைக்கு எவருக்கும் மனம் வரவில்லை. எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. பெற்றவளாக இருந்தாலும் வளவு வாசல் கடப்படியோடு சரி. உம்மா கடப்படியில் நின்று, நாங்கள் மூலையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

குழி வெட்டியவரிடம் வாப்பா, "தலமாட்டுல மீசான் வெய்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மீசான் என்பது கபுறின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அடையாளத்துக்கு நடுகிற கட்டை. எனக்கு அந்தச் சொல் தெரியாது. தெரிந்தது மீசைதான். தம்பியின் தலைமாட்டில் என்னைவிட உயரமாக ஓர் இராவணன் மீசைப் பற்றையும் நின்றது. வீட்டுக்கு வந்ததும் உம்மா வாப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, "தம்பிய எங்க வெச்ச?" என்று கேட்டார்.

"தலமாட்டுல மீசை இரிக்கி உம்மா."

"என்ன மீசை?"

"இராவணன் மீசை. பெரிசு."

உம்மா சிரித்துவிட்டார். பிறகு, "என்ட புள்ளைக்கு மீச மொளச்சிட்டா? என்ட புள்ளைக்கு மீச மொளச்சிட்டா?" என்று கேட்டுக் கேட்டு நெடுநேரம் அழுதார்.

மீசான் என்று நட்ட குச்சியை ஆடு தட்டிவிட்டது. பற்றை நின்றது. அதன் பிறகு நான் கடற்கரையில் விளையாடிவிட்டு வரும்போதெல்லாம், உம்மா குசினிக்குள் இருந்தபடியே, "தம்பிட மீசை எப்படி?" என்று கேட்பார். நான் விளக்கமாகச் சொல்வேன். பச்சையாக இரிக்கி, ஓணான் ஒன்று ஏறி இருந்தது, உருண்டை கழன்று ஓடிவிட்டது, ஆட்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதையில் இருந்து பார்த்தாலே தெரியுது. எதிர்வீட்டு மாமியும் வேலிக்கு மேலால் தலையை நீட்டுவார். "என்ட மகன்ட?" அவருடைய மகன் பக்கத்துச் சின்னப் பற்றையின் அடியில் இருந்தான். அது சின்ன மீசை. இரண்டு மீசைகளுக்கும் நான்தான் செய்தி கொண்டுவருகிறவள். உம்மாவுக்கும் மாமிக்கும் அந்த மையவாடி முழுக்க முழுக்க என் வாயில் இருந்துதான் வந்தது. நான் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கிறேன். அந்த ஓணான் ஒரு தடவைதான் வந்தது.

கூட்டம் முடிந்த பிறகு மாமா வீட்டுக்கு வந்தார். வாப்பா சின்னப்போக வேளாண்மைக்குச் சம்மாந்துறைப் பக்கம் வயலுக்குப் போய், அங்கே காவல் வாடியிலேயே தங்கியிருந்த காலம் அது. மாமா கதிரையில் இருந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "மையவாடியத் துப்பரவாக்கப் போறம். நாப்பது அம்பது பேர் வருவாங்க. தேத்தண்ணி ஊத்தி அனுப்புகா" என்றார். இராவணனைப் பற்றிய பேச்சே இல்லை; கூட்டத்தில் கேட்டது குசினிகளுக்கு இன்னும் எட்டாததால், கால் ஆறியதோடு காக்காவின் கோபமும் ஆறிவிட்டது என்று உம்மா இருந்தார். வேலி சரிசெய்யப் போகிறார்கள், குப்பை கூட்டப் போகிறார்கள் என்று உம்மா நினைத்தார். மகன் கிடக்கிற இடத்தைத் துப்புரவாக்குகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பதென்றால் உம்மாவுக்குக் கசக்குமா? இஞ்சி இடித்துப் போட்டு, சீனியைத் தாராளமாகக் கொட்டி, பெரிய கேத்தலில் ஊற்றித் தந்தார். அதைத் தூக்கிக்கொண்டு போனவள் நான். உம்மாவின் மகனுடைய அடையாளத்தைப் பிடுங்குகிறவர்களுக்கு அவர் கையாலேயே தேத்தண்ணி ஊற்றவைத்த மனிதரை நான் எப்படி மன்னிக்க?

நான் போய்ச் சேரும்போது மையவாடியில் பாதி மொட்டையாகிவிட்டது. கைகளில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் பற்றைகளைப் பிடித்து இழுத்தார்கள். அலவாங்கால் அடியைக் கிளப்பினார்கள். அந்தப் புல்லின் வேர் கயிறாட்டம் மணலுக்கடியில் நீண்டு ஓடுகிறது. ஒரு பற்றையை இழுத்தால் நாலு கபுறின் மண்ணும் சேர்ந்து எழுந்தது. பிடுங்கியதைக் குவித்து நெருப்பு வைத்திருந்தார்கள். மாமா யார் வீட்டுக் கதிரையிலோ குடை பிடித்துக்கொண்டு இருந்தார். தம்பியின் மீசை நின்ற இடத்தைத் தேடினேன். எல்லா இடமும் ஒரே குழியும் குவியலுமாகக் கிடந்தது. எது அவன் இடம் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

"மாமா, அது தம்பிட! அது தம்பிட மீசை!" என்று கத்தினேன்.

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன மீசை? பொம்புளப்புள்ளைக்கு மையவாடிக்குள்ள என்ன வேல? தேத்தண்ணிய வெச்சிட்டு ஓடு" என்றார்.

இராவணனுக்கும் அங்கே வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை. மாமாவுக்கு மட்டும்தான் எங்கேயும் வேலை இருந்தது. நான் கேத்தலைக் கவிழ்த்தேன். அத்தனை தேத்தண்ணியையும் மணல் குடித்தது. மாமா எழுந்து வந்து உச்சந்தலையில் ஓங்கிக் குட்டினார். ஆட்கள் சிரித்தார்கள். அழுகை வந்தது, அழவில்லை. வெறும் கேத்தலோடு வீட்டுக்கு ஓடினேன்.

உம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். "பெரிய மீசையுமா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். களைந்த தண்ணீரோடு அரிசியையும் வாசலில் ஊற்றிவிட்டு, வெறும் சட்டியைப் பிடித்தபடி நின்றார்.

அதற்குப் பிறகு கச்சான் கிளம்பியது. வருஷா வருஷம் வருகிற வறண்ட காற்றுதான். மணலைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லாத மையவாடியில் அது இஷ்டத்துக்கு விளையாடியது. தெருவெல்லாம் மணல், சோற்றில் மணல், கண்ணில் மணல். காற்று ஓய்ந்தபோது மையவாடி கொழித்த மாவைப் பரப்பியது போலச் சமமாகக் கிடந்தது. பெரியவர்களின் கபுறுகளில் கட்டையோ கல்லோ நின்றது. பிள்ளைகளின் கபுறுகளில் ஒன்றும் இல்லை. ஜும்ஆ முடிந்து போனவர்கள், எந்தப் பக்கம் பார்த்துக் கையேந்துவது என்று தெரியாமல் நின்றுவிட்டு வந்தார்கள். அந்தச் செய்தி அன்றைக்கே குசினிகளுக்கு வந்துவிட்டது.

எதிர்வீட்டு மாமி தெருவைக் கடந்து வந்து என் இரண்டு தோளையும் பிடித்தார். "நீ செல்லு மகள். என்ட மகன் எங்க இரிக்கான்? ஒனக்குத் தெரியும்தானே?"

"தெரியா மாமி."

"பக்கத்துல போய்ப் பாத்திட்டு வந்து செல்லு."

"பாத்தன் மாமி. ஒண்டும் இல்ல, மணல்தான் இரிக்கி."

அவர் கையை எடுத்துவிட்டு, எங்கள் வாசலிலேயே குந்திவிட்டார். உம்மா வந்து தூக்கியபோதும் எழும்பவில்லை. உம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை உம்மா சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டார், என் கையைப் பிடித்தார், தெருவில் இறங்கினார். பெண்கள் பட்டப்பகலில் அந்தத் திசையில் நடப்பதை நான் அதுவரை கண்டதில்லை. எதிர்வீட்டு மாமி பின்னால் வந்தார். அடுத்த வளவுக்காரி வந்தார். மூலை திரும்பும்போது பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் எல்லோரும் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

மாமா அங்கேதான் இருந்தார். ஊர் முணுமுணுப்பு அவர் காதுக்கும் எட்டியிருந்தது. மீசான் கட்டைகளை ஒரு வண்டியில் ஏற்றிவந்து இறக்கிக்கொண்டிருந்தார். உம்மா வேலி வரைக்கும் போய் நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"காக்கா! என்ட புள்ளய எங்க வெச்சிரிக்கீங்க?"

மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். "என்னகா இது? ரோட்டுல நிண்டு கத்துறாய்! ஆம்புளைகள் நிக்கிற இடம், ஊட்ட போ."

"ரோட்டுல நிக்காம எங்க நிக்க? உள்ளுக்கு வரத்தான் ஏலாதே. அவன்ட தலமாட்டுல மீசை நிண்டிச்சி. அதப் பாத்துத்தான் என்ட மகள் வந்து செல்லுவாள். அத யாரு புடுங்கச் சென்ன? ஒங்களுக்குக் கால்ல குத்தினா, என்ட புள்ளய அழிக்கிறயா?"

ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். இருமல் எதுவும் கேட்கவில்லை. மரைக்கார் மாமாவை அப்படி ஒருவரும் கேட்டதில்லை, அதுவும் ஆட்களுக்கு முன்னால். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இன்னும் கேளுங்கள் உம்மா, இன்னும் கேளுங்கள் என்று அவர் கையை இறுக்கினேன்.

"கைய நீட்டிக் காட்டுங்க. எது என்ட புள்ளட கபுறு?"

மாமா ஒரு கணம் மணலைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். கடையில் முழம் போட்டுப் பழகிய கை, தயங்கவேயில்லை. "இந்தா, இதான். எனக்குத் தெரியாதா? எல்லாப் புள்ளைகள்ட இடமும் எனக்கு மனசுல இரிக்கி."

அவர் காட்டியது ஆட்கள் நடக்கிற பாதை. தம்பி கிடந்த சரியான இடம் எனக்குத் தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் பாதையில் எவரையும் அடக்குவதில்லை என்பது தெரியும். "அது இல்ல! அது பாதை! மாமா பொய்!" என்று கத்தினேன்.

உம்மாவுக்கும் அது தெரியாமல் இல்லை. பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவருக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். உம்மா மாமாவை முறைத்துப் பார்த்தார். பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அவர் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஓம். இதான்" என்றார்.

மாமா கட்டையை நட்டு அடித்தார். எதிர்வீட்டு மாமி, "என்ட?" என்றார். மாமாவின் கை அடுத்த இடத்துக்கு நீண்டது. "ஓம் மச்சி, அதான்" என்றார் உம்மா. அடுத்த தாய் கேட்டார், அடுத்த தாய் கேட்டார். மாமா காட்டிக்கொண்டே போனார், உம்மா ஓம் சொல்லிக்கொண்டே நின்றார். நான் மறுபடியும் வாயைத் திறந்தபோது உம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. விரல்கள் கன்னத்தில் புதைந்தன.

"வாய மூடு. மாமி பாக்கா."

ஆத்திரத்தில் அந்தக் கையைக் கடித்தேன். உம்மா எடுக்கவில்லை.

அன்றையில் இருந்து பிள்ளைகளின் கபுறுகளை எல்லாம் மனதில் வைத்திருந்த மரைக்கார் என்று ஊர் மாமாவைக் கொண்டாடியது. அவருடைய ஜனாசாவிலும் அதையே சொல்லி அழுதார்கள். காற்றுக்கு வழிவிட்டு அழித்தவர் கண்டுபிடித்தவராகிப் போனார். அவர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. உம்மாதான் அதற்குப் பிறகு அவருக்கு ஒரு நாளும் தேத்தண்ணி ஊற்றவில்லை. வயலில் இருந்து வந்த வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உம்மாட்ட இதப் பத்திக் கேக்காத மகள்" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

நான் கேட்கவில்லை. உம்மாவோடு நான் கதைக்கவே இல்லை. காக்காவின் மானத்துக்காக மகனின் கபுறை விட்டுக்கொடுத்தவர் என்று பல வருஷம் உம்மாவையும் சேர்த்துத்தான் வெறுத்தேன். மாமி பார்க்கிறார் என்றால், நம் வீட்டுச் சண்டையை அயல்வீட்டார் பார்க்கிறார்கள், வெட்கம், வாயை மூடு என்று எனக்கு விளங்கியது. எட்டு வயதில் அதற்கு வேறு பொருள் இருக்க முடியுமா?

வேறு பொருள் இருந்தது. அன்றைக்கு எதிர்வீட்டு மாமி மாமாவின் கையைப் பார்க்கவில்லை. நட்ட கட்டையையும் பார்க்கவில்லை. இல்லை என்று ஒரு சொல் வந்துவிட்டால் தன் மகனுக்கும் இடம் இல்லை என்று தெரிந்து, அவர் உம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.